மறியலில் நின்ற லாரி

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துப் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். தென்னாற்காடு மாவட்டமும் சேலம் மாவட்டமும் சேருகிற கல்வராயன் மலைப் பக்கம் புதிதாக எல்லைச் சோதனைச் சாவடிகள் வரப்போகின்றன, அங்கே போகிற காவலர்களுக்கு என்று பொறுக்கி எடுத்தது முப்பத்தாறு பேர். அதில் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி ஏஞ்சலின்.

ஏஞ்சலினுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் குத்தகை நிலத்தில் மணிலாக் கடலை போடுகிற சவரியப்பனின் மகள். வேலையில் சேர்ந்த இரண்டு வருஷமாக அவளை நிறுத்திய இடமெல்லாம் தேர்த் திருவிழாவும் மந்திரி கூட்டமும்தான். பெண்கள் வரிசையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கால் வலிக்கும். அவ்வளவுதான் போலீஸ் வேலை என்று கிட்டத்தட்ட முடிவே கட்டியிருந்தாள்.

பயிற்சியில் வேறு உலகம் தெரிந்தது. லாரியின் டீசல் டேங்கைத் தட்டிப் பார்த்து உள்ளே தடுப்பு வைத்திருப்பதைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நம்பர் பலகையில் பெயிண்ட் புதிதா பழசா என்று எப்படிப் பார்ப்பது, ஒரு வண்டியில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரையும் தனித்தனியாக ஏன் விசாரிக்க வேண்டும், ஒயர்லெஸ்ஸில் எப்படிச் சுருக்கமாகப் பேசுவது எல்லாம் வந்தது. கடைசி நாளுக்கு முந்தின நாள் தொழிலாளர் துறையிலிருந்து ஒருவர் வந்தார். வெளிமாநிலத்துக்கு வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற மேஸ்திரி லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், இல்லாமல் ஏற்றினால் குற்றம் என்றார். மலைக்காரர்களைக் கூட்டம் கூட்டமாக அள்ளிக்கொண்டு போகிறார்கள், போனவர்கள் பாதிப் பேர் திரும்புவதில்லை என்றும் சொன்னார். பந்தியில் இலை போட்டுவிட்டார்கள் என்று யாரோ வந்து சொல்ல, அவர் பேச்சு பாதியில் நின்றது.

சாவடி கோமுகி அணைக்குக் கொஞ்சம் மேலே, வெள்ளிமலை போகிற பாதை ஏறத் தொடங்குகிற இடத்தில் இருந்தது. ஒரே அறை. ஓட்டுக் கூரை. குறுக்கே ஒரு மூங்கில் தடுப்பு. ஒயர்லெஸ் செட், பைனாகுலர், சாலையில் போட்டால் டயரைக் கிழிக்கிற ஆணிப் பலகை, முதலுதவிப் பெட்டி எல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். ஜீப் பின்னால் வரும் என்றார்கள். ஆடி போய் ஆவணியும் போயிற்று, ஜீப் வரவில்லை.

அங்கே ஏஞ்சலினுக்குக் கிடைத்த வேலை, மலையிலிருந்து இறங்குகிற பெண்களின் இடுப்பைத் தடவிப் பார்ப்பது. சைக்கிள் ட்யூபில் சாராயத்தை நிரப்பிச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு வருவார்கள். தடவும்போது அந்தப் பெண்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். அவளும் வேறு பக்கம் பார்ப்பாள். கடுக்காயும் புளியும் தூக்கிக்கொண்டு சந்தைக்கு வருகிறவள்தான் ஜாஸ்தி. ட்யூப் கட்டியவள் பத்துக்கு ஒருத்தி. அந்த ஒருத்திக்காக ஒன்பது பேரைத் தொடுகிறோமே என்று அவளுக்கு இருக்கும். ஆனாலும் வேலையில் குறை வைக்கமாட்டாள்.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி பிறந்த அன்று மறியல் ஆரம்பித்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலைகளை மறிப்பதென்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். சாவடியில் இருந்த மற்ற இரண்டு காவலர்களையும் முந்தின நாளே உளுந்தூர்பேட்டைப் பக்கம் பந்தோபஸ்துக்கு அழைத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது ஏஞ்சலினும் ஏட்டு பிச்சைமுத்துவும்தான். பிச்சைமுத்து ஓய்வுக்கு இரண்டு வருஷம் வைத்திருந்தவர். நல்ல மனிதர். பிரச்சினை தன்னைத் தேடி வந்தாலும் அதற்கு வழி விட்டு ஒதுங்கி நிற்பவர்.

காலை ஆறரை மணிக்கு மலையிலிருந்து ஒரு லாரி இறங்கி வந்தது. மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. முன்னால் டிரைவருக்குப் பக்கத்திலிருந்து வெள்ளை வேட்டியும் மடித்துவிட்ட சட்டைக் கையுமாக ஒருவன் இறங்கினான்.

"வீரமுத்துங்க. நம்ம சனங்கதான். திருவண்ணாமலையில ஒரு கல்யாணம். தடுப்பத் தூக்கி வுட்டீங்கன்னா வெயிலுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடுவோம்."

பிச்சைமுத்து லாரியைச் சுற்றி ஒரு தரம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். சாராய வாடை இல்லை. "போவட்டும், ஏம்மா. கல்யாண வண்டி" என்று தடுப்பைத் தூக்கப் போனார்.

"ஒரு நிமிஷங்கய்யா" என்று ஏஞ்சலின் லாரியின் பின்பக்கம் ஏறித் தார்ப்பாயைத் தூக்கினாள்.

கடுக்காய் மூட்டைகளுக்கு மேலே ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாக இருபத்து மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் போகிற முகம் ஒன்றுகூட இல்லை. சோற்றுப் பானை, கேழ்வரகு மூட்டை, கிழிந்த பாய், களைக்கொத்து, அம்மிக் குழவி. அம்மிக் குழவியை எடுத்துக்கொண்டு யார் கல்யாணத்துக்குப் போவார்கள்?

நாலு பேரை இறக்கித் தனித்தனியாக நிற்க வைத்துக் கேட்டாள். கல்யாணப் பொண்ணு பேர் இன்னா என்றதற்கு ஒரு பெரியவர் மீனாட்சி என்றார். அடுத்தவன் ராணி என்றான். மூன்றாவது ஆள் "எங்க அக்கா பையனுக்குத்தான்" என்று ஆரம்பித்து, எந்த அக்கா என்று கேட்டதும் வீரமுத்துவைப் பார்த்தான். நாலாவதாக நின்றவள் கமலா. முப்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அவள் பொய் சொல்லவே மெனக்கெடவில்லை.

"கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆந்திரா பக்கம் கல்லு ஒடைக்கப் போறோம். இப்ப இன்னா பண்ணப் போற?"

ஏஞ்சலின் வீரமுத்துவிடம் லைசென்ஸ் கேட்டாள். அவன் சிரித்தான். "இன்னா தங்கச்சி, புதுசா? நாலு வருஷமா இதே ரோட்டுல போய்க்கினு வந்துக்கினு இருக்கேன். எந்த மவராசனும் கேட்டதில்ல." அப்புறம் குரலைத் தணித்துப் பெரிய பெரிய பெயர்களாகச் சொன்னான். அதுவும் பலிக்காமல் போகவே, வந்தது வரட்டும் என்று டிரைவரை வண்டியை எடுக்கச் சொன்னான். எல்லாப் போலீஸும் பெரிய ரோட்டுக்குப் போயிருக்கும், இந்தப் பக்கம் யாரும் இருக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த நாளைப் பார்த்துக் கிளம்பியிருந்தான்.

அவன் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருந்தது. சாவடிக்குக் கீழே அரை மைலில், அணைக்கரை வந்து சாலையைத் தொடுகிற இடத்தில், பொழுது விடியும்போதே ஒரு கிழட்டுப் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி, கீழ மரம் கெடக்குது" என்று வண்டியை நிறுத்திவிட்டான். அப்படியானால் திருப்பு, மறுபடி மலை ஏறிக் கருமந்துறை வழியாகப் போகலாம் என்றான் வீரமுத்து. அவன் சொல்லி முடிப்பதற்குள் ஏஞ்சலின் ஆணிப் பலகையை இழுத்து வந்து லாரிக்குப் பின்னால் போட்டுவிட்டாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பலகை அறையை விட்டு வெளியே வந்தது.

"இன்னாம்மா பண்ற?" என்றார் பிச்சைமுத்து.

"பயிற்சியில சொன்னதத்தாங்கய்யா பண்றேன்."

ஒயர்லெஸ்ஸில் கள்ளக்குறிச்சியைப் பிடித்தாள். செட்டில் ஒரே கூச்சலாக இருந்தது. அங்கே பஸ் எரிகிறது, இங்கே கல்லெறி, ஆம்புலன்ஸ் எங்கே என்று ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரம் காத்திருந்து விஷயத்தைச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"சரிம்மா. நல்ல காரியம். ஆனா என்னால ஒரு ஆளக்கூட அனுப்ப முடியாது. ரோடு தொறக்கற வரைக்கும் வச்சிரு. ஓவர்."

வைத்திரு என்று சொல்வது சுலபம். சாவடியில் இரண்டு பேருக்கு மூன்று நாளைக்கு அரிசி இருந்தது. இங்கே இருபத்து மூன்று பேரும் டிரைவரும் மேஸ்திரியும். கேழ்வரகு மூட்டையைத் தொட மலைச் சனங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. போகிற இடத்தில் முதல் மாசத்துக்கு அதுதான். மத்தியானத்துக்கெல்லாம் பிள்ளைகள் அழத் தொடங்கின. கமலா நேராக வந்து ஏஞ்சலின் முன்னால் நின்றாள்.

"எங்கள எதுக்கு மறிச்ச? சாராயமா கொண்டாந்தோம்? ரெண்டு வருஷமா மலையில மழை இல்ல. சாமை வெதச்சி வெதையக்கூட எடுக்கல. நீ திரும்பிப் போவச் சொன்னா அங்க இன்னா இருக்குது திங்கறதுக்கு?"

"அந்தாளு உங்கள ஏமாத்தறான்கா."

"தெரியும்" என்றாள் கமலா. "எங்க வூட்டுக்காரரு, பாவாடைன்னு பேரு, போன வருஷமே அங்க போனாரு. ஒரு கடுதாசி இல்ல. இருக்கறாரா இல்லியான்னு பாக்கத்தான் நான் போறேன். இவன் ஏமாத்தறவன்தான். ஆனா வழி தெரிஞ்சவன் இவன்தான் இருக்கறான். உனக்கு வழி தெரியுமா?"

கல்யாண மண்டபத்துப் பயிற்சியில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

அவள் தொப்பியைச் சரி செய்துகொண்டு கீழே நடந்தாள். பிச்சைமுத்து பின்னாலிருந்து கூப்பிட்டார். காலையில்தான் விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூடு, ஆட்கள் செத்துவிட்டார்கள் என்று செட்டில் கேட்டிருந்தார்கள். மறியல்காரர்களுக்கும் அந்தச் செய்தி அதற்குள் வந்து சேர்ந்திருக்கும். இந்த நேரத்தில் காக்கிச் சட்டையோடு அங்கே போவது அவர் பார்வையில் கிணற்றில் குதிப்பது மாதிரி.

புளியமரத்தடியில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். அடுப்பு மூட்டிப் பெரிய அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒருவன் கையில் அரிவாள் இருந்தது. மரம் வெட்டிய அரிவாள்தான். முன்னால் வந்தவன் கரும்பு விவசாயி, சின்னராசு என்று பெயர். கண் சிவந்திருந்தது.

"இன்னா, இங்கயும் சுட வந்தியா?"

"சோறு கேக்க வந்தேன்."

அவன் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. ஏஞ்சலின் லாரியைப் பற்றிச் சொன்னாள். எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள் என்று சொன்னாள். "உங்க மரத்தாலதான் அவங்க போவ முடியாம நிக்கறாங்க. என்னாலயும்தான். பசிக்கறது கொழந்தைங்களுக்கு."

"போலீசு வந்து சோறு கேட்டு இப்பதான்யா பாக்கறேன்" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். யாரோ சிரித்தார்கள். சின்னராசு சிரிக்கவில்லை.

"குடுக்கறோம். எங்க பேர எழுதிக்கினு போவத்தான் வந்தியோன்னு இருக்குது எனக்கு."

"மரத்தப் பாத்துட்டேன். பாக்கலன்னு சொல்லமாட்டேன். பேர நான் கேக்கல."

அண்டாவில் பாதியை ஒரு குண்டானில் மாற்றி, குழம்பை இன்னொன்றில் ஊற்றி, இரண்டு ஆட்களோடு சின்னராசுவே தூக்கிக்கொண்டு மேலே வந்தான். வாழையிலை போதவில்லை; தேக்கு இலை பறித்து வந்தார்கள். அன்றைக்கு மட்டுமில்லை, அடுத்தடுத்த நாட்களிலும் மத்தியானத்தில் சோறு வந்தது.

மூன்றாம் நாள் பந்தியில்தான் ஏஞ்சலின் அதைக் கவனித்தாள். சாப்பிட உட்காரும்போது சனங்கள் குடும்பம் குடும்பமாகத்தான் உட்காருவார்கள். தாய் பிள்ளைக்குப் பிசைந்து கொடுப்பாள், புருஷன் மிச்சத்தைப் பெண்டாட்டி இலையில் தள்ளுவான். பச்சைப் பாவாடை கட்டிய ஒரு பெண் மட்டும் லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தனியாகத் தின்றுகொண்டிருந்தாள். பதிமூன்று வயதுக்கு மேல் இராது. அவளுக்கு யாரும் எதுவும் தள்ளவில்லை. முதல் நாள் கேட்டபோது அவளையும் சேர்த்துத்தான் "எல்லாம் சொந்தக்காரங்கதாங்க" என்று வீரமுத்து எண்ணிக் காட்டியிருந்தான்.

"உன் பேரு இன்னா?"

"சின்னப்பொண்ணு."

"நீ யார் கூட வந்த?"

அவள் கையால் வீரமுத்துவைக் காட்டினாள். "சேராப்பட்டு சந்தையில எங்க அம்மாகிட்ட கேட்டு இட்டாந்தாரு. இவங்கள்லாம் கல்லு ஒடைக்கப் போறாங்க. எனக்கு அந்த வேலை இல்லியாம். என்ன மட்டும் வழியில வேற ஊர்ல எறக்கி வுடறாராம். பெரிய வூடாம். டிவி பொட்டி இருக்குதாம். புதுப் பாவாடை எடுத்துத் தந்தாரு."

"எந்த ஊரு?"

"தெரியாது."

ஏஞ்சலின் கமலாவிடம் போய்க் கேட்டாள். கமலா சின்னப்பொண்ணைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "போன தபாவும் இப்பிடி ஒரு பொண்ணு வண்டியில இருந்துச்சின்னு சொல்லிக்கினாங்க. ஆனா போய்ச் சேந்த எடத்துல அந்தப் பொண்ணு இல்லியாம்" என்றாள்.

ஏஞ்சலின் உள்ளே ஓடி ஒயர்லெஸ்ஸைப் பிடித்தாள். மைனர் பெண், உறவினர் யாரும் உடன் இல்லை என்று அவள் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பேட்டரி இறங்கிக் குரல் தேய்ந்துகொண்டே போயிற்று. இன்ஸ்பெக்டர் "அவன விடாத" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. வெளியே வந்தபோது வீரமுத்து இல்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் பாதி தின்ற இலை மட்டும் கிடந்தது.

"இப்பதாம்மா, தண்ணிக்குப் போறேன்னான்" என்றார் பிச்சைமுத்து. "நான்தான் சரின்னேன்."

பைனாகுலரை எடுத்துக்கொண்டு சாவடிக்குப் பின்னால் இருந்த பாறை மேல் ஏறினாள். அணைத் தண்ணீர் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. புதர்க்காடு, ஆட்டுத் தடம், மறுபடி புதர். அப்புறம் அணைக்கரை மேல் பச்சையாக ஒன்று நகர்ந்தது. அவன் முன்னால் நடக்க, கையைப் பிடித்து இழுக்கப்பட்டுச் சின்னப்பொண்ணு பின்னால் போனாள். கரையைத் தாண்டிவிட்டால் கச்சிராயபாளையம். அங்கே ஆயிரம் சந்து.

ஏஞ்சலின் விசிலை ஊதிக்கொண்டே சாலையில் ஓடினாள். மறியல்காரர்களுக்குக் கேட்கட்டும் என்றுதான் ஊதினாள். அவர்களுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. போலீஸ் வந்துவிட்டது, சுற்றி வளைக்கிறார்கள் என்று நினைத்து அடுப்பு, அண்டா எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் ஓட ஆரம்பித்தார்கள். கரும்புக் கொல்லைக்குள் பாதிப் பேர் மறைந்துவிட்டார்கள். சின்னராசு மட்டும் ஓடினவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் படை எதுவும் வரவில்லை. வந்தது ஒரே ஒருத்தி. அவளும் தொப்பி விழுந்தது தெரியாமல் அவர்களைத் தாண்டி ஓடினாள்.

"எங்கம்மா ஓடற?"

"அந்தச் சின்னப்பொண்ண இட்டுனு போறான்யா! கரைமேல! கூட யாருமில்லாத பொண்ணு!"

சின்னராசு கரையைப் பார்த்தான். பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த சீட்டியில் கரும்புக் கொல்லையிலிருந்து தலைகள் எழும்பின. "டேய், நம்மளத் தேடி இல்லடா! மேஸ்திரிய மடக்குங்கடா!" என்று கத்திக்கொண்டே அவன் கரைக்குக் கீழ்ப்புறமாக விழுந்து ஓடினான். அந்த நிலத்தில் பிறந்து வளர்ந்தவன். எந்த வரப்பு எங்கே போய் ஏறும் என்று அவன் காலுக்குத் தெரியும். மதகடியில் ஏறி வீரமுத்துவுக்கு முன்னால் போய் நின்றபோது, பின்னால் ஏஞ்சலினும் வந்து சேர்ந்துவிட்டாள்.

வீரமுத்து பெண்ணின் கையை விட்டான். "எங்க அக்கா மவங்க" என்றான். சின்னப்பொண்ணுக்கு முட்டி சிராய்த்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் ஓடிவந்து ஏஞ்சலினைக் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. தரையில் உட்கார்ந்து, "எங்க வூட்டுக்குப் போவணும்" என்று மட்டும் சொன்னாள்.

வாரம் முடிந்து மரத்தை அறுத்துத் தள்ளியபின் இன்ஸ்பெக்டர் வந்தார். அதுவரை காவலில் வைத்திருந்த வீரமுத்துவைக் கொண்டுபோனார்கள். சின்னப்பொண்ணை ஏஞ்சலினே சேராப்பட்டுக்குக் கூட்டிப் போய் விட்டாள். அவள் அம்மா பெண்ணை அடித்தாள், பிறகு தன்னை அடித்துக்கொண்டாள். மற்றவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு. ஏஞ்சலின் ஒரு காரியம் செய்தாள். அவர்கள் போகவிருந்த கல்குவாரி எது, ஏற்கெனவே அங்கே போய்த் திரும்பாதவர்கள் யார் யார், எந்த ஊர், எந்த வருஷம் போனார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதித் தொழிலாளர் துறைக்கு இன்ஸ்பெக்டர் மூலமாக அனுப்பினாள். பதினேழு பெயர். முதல் பெயர் பாவாடை. லாரியிலிருந்து இறங்கின கேழ்வரகு மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு கமலா மலையேறினபோது ஏஞ்சலினைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வழக்கு பலமில்லாமல்தான் நின்றது. பெண் தன் உறவு, அவளாகத்தான் தன்னுடன் வந்தாள் என்று வீரமுத்து சாதித்தான். பெண்ணின் தாய் சந்தையில் புடவை வாங்கிக்கொண்டு அனுப்பியவள்; அவளை எந்த வக்கீலும் இரண்டு கேள்வியில் மடக்கிவிடுவான். லாரியில் வந்தவர்கள் மேஸ்திரிக்குப் பயந்தார்கள். கரை மேல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்த போலீஸ் அல்லாத சாட்சி வேண்டும் என்றார் அரசு வக்கீல். பார்த்தவர்கள் மறியல்காரர்கள். புளியமரத்தை வெட்டிச் சாலையை மறித்ததாக அடையாளம் தெரியாத இருபது பேர் மேல் வழக்கு இருந்தது. சாட்சி சொல்ல வருகிறவன் தான் அங்கே இருந்ததை ஒப்புக்கொள்கிறான் என்று அர்த்தம்.

இதைச் சொல்லாமல் சின்னராசுவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட ஏஞ்சலினுக்கு மனசு வரவில்லை. சீருடை இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சின்னராசுவின் கொல்லைக்குப் போனாள். அவன் கரும்புக்குத் தோகை உரித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னாள். வந்தால் உன் மேல் வழக்கு வரும், உள்ளே வைப்பார்கள் என்பதையும் மறைக்கவில்லை.

அவன் பெண்டாட்டிக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. "எங்க ஆளுங்க எத்தினி பேரச் சுட்டீங்க. இப்ப உங்க கேசுக்கு எங்க ஆளு வோணுமா?"

சின்னராசு கையிலிருந்த தோகையைக் கீழே போட்டான்.

"நீ இரு" என்றான் பெண்டாட்டியிடம். பிறகு ஏஞ்சலினைப் பார்த்துச் சொன்னான்: "நாங்க ரோட்டுல உக்காந்தது எங்க புள்ளைங்க படிச்சி மேல வரணும்னுதான். அந்தப் பொண்ணும் அதே மாதிரி ஒரு புள்ள. நான் வரேன். நான் மட்டும்தான். மத்தவங்க பேர எங்கிட்ட கேக்கக் கூடாது."

"கேக்கமாட்டேன்."

"கேட்டாலும் சொல்லமாட்டேன்."

வாக்குமூலம் கொடுத்த மறுவாரமே அவனைப் பிடித்துக் கடலூர் சிறையில் பதினாறு நாள் வைத்தார்கள். அந்தப் பதினாறு நாளும் ஏஞ்சலினுக்குச் சோறு இறங்கவில்லை. பிச்சைமுத்து யாரிடமும் சொல்லாமல் ஜாமீன் வேலைக்கு வக்கீலிடம் நடந்தார்.

ஒன்றரை வருஷம் கழித்துக் கள்ளக்குறிச்சி கோர்ட்டில் விசாரணை வந்தது. எதிர்த் தரப்பு வக்கீல் சின்னராசுவைக் கூண்டில் நிறுத்திக் கேட்டார்.

"அன்னைக்கு அந்த இடத்துல நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"ரோட்ட மறிச்சிக்கினு இருந்தேங்க."

"அது சட்டப்படி தப்பு தெரியுமா?"

"தெரியுங்க. அதுக்கு உள்ள இருந்துட்டு வந்துட்டேன். இவரு இன்னும் போவல."

நீதிபதி தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். அப்புறம் எழுதினார். வீரமுத்துவுக்கு மூன்று வருஷம் கிடைத்தது. சின்னராசு மேலிருந்த வழக்கு வாய்தா வாய்தாவாகப் போய் ஒரு நாள் அப்படியே நின்றுபோயிற்று.

பெயர்ப் பட்டியலுக்கும் தாமதமாகத்தான், தீர்ப்புக்குச் சில மாதம் முன்னால், பலன் வந்திருந்தது. தொழிலாளர் துறை ஆட்கள் ஆந்திரப் போலீஸோடு அந்தக் குவாரிக்குப் போய்ப் பதினேழு பேரில் பதினொரு பேரை மீட்டு வந்தார்கள். மற்ற ஆறு பேர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கமலாவின் புருஷன் பாவாடையும் வந்தவர்களில் இருந்தான். வெடி வைத்தபோது வலது கையில் மூன்று விரல் போயிருந்தது.

தீர்ப்பு வந்த அன்று மாலை வெள்ளிமலை பஸ்ஸில் ஏஞ்சலின் சாவடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். கச்சிராயபாளையத்தில் கமலாவும் பாவாடையும் ஏறினார்கள். பாவாடை ஆண்கள் பக்கம் போய் நின்றான். கமலா இடம் தேடி, வேறு வழியில்லாமல் ஏஞ்சலின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குழந்தை இப்போது நடக்கிற பிள்ளை, மடியில் நெளிந்தது.

பஸ் அணையை நெருங்கியது.

"எப்பிடி இருக்கறாரு?" என்று ஏஞ்சலின்தான் கேட்டாள்.

"இருக்கறாரு. உளி புடிக்க முடியாது. ஆடு மேய்க்கறாரு." கமலா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "இந்த வருஷமும் சாமை சரியில்ல. தை மாசம் பொறந்தா கரும்பு வெட்ட மணலூர்பேட்ட பக்கம் நான் மட்டும் போலாம்னு இருக்கேன்."

போகாதே என்று சொல்ல ஏஞ்சலினுக்கு வாய் வரவில்லை.

"உங்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்" என்றாள் கமலா. "எந்த மேஸ்திரி, எந்த ஊரு, எல்லாம் சொல்றேன். எழுதி வச்சிக்கோ. ரெண்டு மாசத்துல நான் வரலன்னா தேடு."

"தேடறேன்கா."

பிள்ளை ஏஞ்சலின் மடிக்கு ஏறிப் பெல்ட்டின் பித்தளைப் பூட்டைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. கமலா அதைத் தடுக்கவில்லை. பஸ் சாவடி மேட்டில் முனகிக்கொண்டு ஏறியது.